தொழிலாளி, தென்னிந்தியா

1

போன திங்கட்கிழமை எங்கள் ஊர் கேலரியில் ஒரு புகைப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். நானும் கலாவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், நின்று பார்த்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் புவனகிரிக்காரிக்கும் செம்மங்குப்பத்துக்காரிக்கும் ஜெர்மனியில் ஆர்ட் கேலரியில் என்ன ஜோலி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் இந்த நாட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்க முடியாது. எல்லாக் கடைக்கும் பூட்டு. வாஷிங் மெஷினைப் போட்டால்கூடக் கீழ்வீட்டு அம்மாள் சத்தம் என்று படியேறி வந்து நிற்பாள். என் கணவர் அன்றைக்கு மதியம்வரை தூங்குவார். மகள் யாழினிக்குப் பதினேழு வயது. அறைக்கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பாள். சாம்பார் வாசனை வந்தால் அதற்கும் திறக்க மாட்டாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் டிராமில் சும்மா போய்க்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரல், “என்னாம்மா சொல்ற நீ? கொழாயில தண்ணி வருதா இல்லியா, அத மட்டும் சொல்லு” என்றது. டிராமில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி முறைத்தார்கள். நான் எழுந்துபோய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள்தான் கலா. கலைச்செல்வி. சிதம்பரத்தில் நர்சிங் படித்துவிட்டு, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்திருந்தாள். நானும் சிதம்பரத்தில்தான் எம்.எஸ்சி. படித்தேன், இப்போது இங்கே ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அன்றைக்கே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

கேலரிக்குப் போனது கலை ஆர்வத்தால் என்று பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே இலவசம். உள்ளே ஹீட்டர் இருக்கும். டாய்லெட் பளிச்சென்று இருக்கும். அவ்வளவுதான் காரணம். போகப் போகத்தான் படங்களையும் பார்க்க ஆரம்பித்தோம்.

கலா படம் பார்க்கும் விதமே தனி. அவளுக்கு ஓவியத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பேஷண்ட். தங்கச் சங்கிலி போட்ட ஒரு பிரபுவைப் பார்த்து, “யூரிக் ஆசிட் ஜாஸ்திக்கா இவருக்கு. கால் வெரல பாரு” என்பாள். குழந்தையை மடியில் வைத்திருக்கும் மாதாவைப் பார்த்து, “இந்தப் பொண்ணுக்கு ஒடம்புல ரத்தமே இல்ல. புள்ள பெத்தவளுக்கு ஒரு அயர்ன் மாத்திர குடுக்க ஆளில்ல பாரு” என்று வருத்தப்படுவாள். ஒருமுறை ஒரு சுவர் முழுக்க வெறும் சிவப்பைப் பூசி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். “என்னடி இதுக்கு?” என்றேன். “டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கு. ரிசல்ட் வரட்டும்” என்றாள். நான் சிரித்த சிரிப்பில் காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்த இடம்தான் அது. எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுவதுபோல எங்களுக்கு அந்த கேலரி.

2

இந்த மே மாதம் அங்கே ஒரு புகைப்படக் கண்காட்சி ஆரம்பித்தது. எடுத்தவர் ஒரு வயதான ஜெர்மன்காரர். ஆசியா முழுக்கச் சுற்றி, தொழிற்சாலைகளையும் அங்கே வேலை செய்பவர்களையும் படம் எடுத்தவராம். தொடக்க நாளில் கேக் தருவார்கள் என்பதால் நாங்களும் போனோம். கலாவுக்கு மதியத்துக்கு மேல் ஷிப்ட்.

மூன்றாவது அறையில், ஒரு சுவர் முழுக்க ஒரே ஒரு படம். கதவளவு பெரியது. கறுப்புச் சட்டம். அறையில் மற்ற விளக்குகளைக் குறைத்து, மேலேயிருந்து ஒரு விளக்கு அந்தப் படத்தின் மேல் மட்டும் விழுகிற மாதிரி வைத்திருந்தார்கள். கீழே ஒரு சின்ன மேசையில் கண்ணாடி ஜாடி, அது நிறைய வெள்ளை லில்லிப் பூ.

படத்தில் ஒரு ஆள், கவிழ்த்துப் போட்ட நீல டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டைச் சுற்றிக் கட்டி, கையில் டீ கிளாஸ். அவருக்குப் பின்னால் குழாய்களும் புகைபோக்கியும். நேராகக் கேமராவைப் பார்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். நம்மூர் ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கலா என்ன வியாதி சொல்லப்போகிறாள் என்று நான் சிரிக்கத் தயாராக நின்றேன்.

“அண்ணே” என்றாள்.

தெருவில் எதிர்ப்பக்கம் போகிறவரைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள். பிறகு போய் அவர் முழங்கால் மேல் கையை வைத்தாள். காவலாளி ஓடி வந்து, தொடக்கூடாது, தொடக்கூடாது என்று அவள் கையை விலக்கினார்.

ஏழுமலையைப் பற்றி எனக்குத் தெரியும். கலாவின் ஒரே அண்ணன். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்டில் பிட்டர் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர் கம்பெனிக்குப் போகவில்லை. சைக்கிள் மட்டும் கடலூர் ஓ.டி. ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஒழுங்காகப் பூட்டி நின்றது. போலீசில் குடியா, கடனா, பொம்பளையா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை. கலா அப்போது ஜெர்மனிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவளால் போகவும் முடியவில்லை.

அவர் போன மறுவாரமே கலாவின் அம்மா, கூடத்தில் தனியாக மாட்டியிருந்த மகன் படத்தைக் கழற்றிப் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். ஆள் இல்லாத வீட்டில் படம் மட்டும் தனியாகத் தொங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். மருமகள் வசந்திக்கு வெள்ளி தவறாமல் மாமியாரே பூ வாங்கிக் கொடுப்பார்.

அந்த ஏழுமலைதான் இங்கே சுவரில் இருந்தார். பக்கத்தில் சின்ன அட்டை. ‘தொழிலாளி, தென்னிந்தியா.’

“வருஷம் போடலக்கா” என்றாள் கலா. என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. “வருஷம் போடல பாரு. போன வருஷம் எடுத்ததா இருந்தா? அண்ணன் எங்கியோ வேற கம்பெனில வேல செய்யறாருன்னுதான அர்த்தம்?”

இருக்கும் என்றேன். வேறு என்ன சொல்வேன்? படம் எடுத்தவர் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று வரவில்லை. கலாவின் போனில் நான்தான் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை ஊரிலிருக்கும் பெரியப்பா மகன் சங்கருக்கு அனுப்பினாள். அண்ணன்தானா, நல்லாப் பார்த்துச் சொல்லு என்று கேட்பதற்காக வாய்ஸ் மெசேஜ் பேச ஆரம்பித்தாள். “சங்கரு... அண்ணன்டா... அண்ணன்டா...” என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. அழுகைதான் பதிவாகிப் போனது. அதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. முதியோர் இல்லத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சட்டம்.

3

சங்கர் எந்த கேலரிக்கும் போனவன் இல்லை. அவன் கையில் வந்தது என்ன? கறுப்புச் சட்டத்துக்குள் அண்ணன். மேலே விளக்கு. கீழே வெள்ளைப் பூ. வெளிநாட்டிலிருந்து தங்கச்சி அழுகிற சத்தம். கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவன் அதைக் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே கும்பிடுகிற கை இரண்டைப் போட்டான். நம்ம ஊரில் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. ஏழுமலை வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார், உடலைக்கூட அனுப்பவில்லை, தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டாள் என்று விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கதை முழுசாகிவிட்டது. மாலையோடு வந்தவர்கள் பாதிப் பேர். தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு வந்தவர்கள் மீதிப் பேர். சங்கரின் நண்பர்கள் அதே படத்தைக் கொடுத்துக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கே சொல்லிவிட்டார்கள்.

கலாவின் அம்மா தொடப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். “எவடி எம் புள்ளைய சாவடிச்சவ? மால கொண்டாந்தவ முன்னாடி வாடி பாப்பம்!” என்று அவர் கத்தியது அடுத்த தெரு வரைக்கும் கேட்டதாம்.

வசந்தி கத்தவில்லை. பெரிய மனுஷிகள் நாலு பேர் தன்னைத் தேடி உள்ளே வருவதைப் பார்த்ததும் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலைவரை கதவைத் திறக்கவில்லை.

இங்கே ராத்திரி, ஷிப்ட் முடிந்து கலா லாக்கரைத் திறந்தபோது போன் முழுக்க அழைப்புகள். அவள் கூப்பிட்டதும் அம்மா எடுத்தார். கலா விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பேசிவிட்டு வைத்துவிட்டார். அந்தப் பேச்சைக் கலா எனக்கு அப்படியே சொன்னாள்.

“எம் புள்ள உசுரோட இருக்கான். உசுரோட இருக்கறவனுக்கு எவன்டி வெளக்குப் போட்டு பூ வச்சி செவுத்துல மாட்டுனவன்? நீ அதப் பாத்துகினு நின்னுட்டு வந்தியா? எறக்கச் சொல்லு. எறக்கிட்டு எங்கிட்ட பேசு.”

4

இறக்கச் சொல்வது அவ்வளவு லேசா?

நான் போய் கேலரி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பேசினேன். இத்தனை வருடம் ஆகியும் என் ஜெர்மன் சமையலறை ஜெர்மன். அந்த மனிதர் காணாமல் போனவர் என்று சொல்ல, ரயிலில் என் குடை தொலைந்தபோது கற்றுக்கொண்ட வார்த்தையைப் போட்டேன். அவள் அன்பாகச் சிரித்து, மறந்து வைத்துவிட்டுப் போன பொருட்கள் இருக்கும் அலமாரியைக் காட்டினாள். கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்று சொல்ல வைப்பதற்கே அரை மணி நேரமானது.

கடிதம் எழுதுவதற்கு யாழினியைத்தான் பிடித்தேன். அவளுக்கு அந்தப் படம் தெரிந்திருந்தது. பள்ளியிலிருந்து கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். கட்டுரை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

“அந்த ஆள் யாருன்னு தெரியாததுதாம்மா அந்தப் படத்தோட அழகு” என்று ஜெர்மனில் சொன்னாள்.

“அவர் பேரு ஏழுமலை. கலா ஆன்ட்டியோட அண்ணன்” என்றேன்.

காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் சொல்லச் சொல்ல முழுசாகக் கேட்டாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். நல்ல கடிதம், என் மகள் இவ்வளவு பக்குவமாக எழுதுவாள் என்று எனக்கே தெரியாது. முடித்துவிட்டு, “உங்க ஊர்ல விளக்கு போட்டா செத்துட்டாங்கன்னு ஏன் நெனைக்கறீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்ல முயன்றேன். உங்க ஊர் என்று அவள் சொன்னதுதான் காதில் நின்றது.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. உங்கள் பண்பாட்டு உணர்வை மதிக்கிறோம். பூ ஜாடியை அகற்றிவிட்டோம். படத்தை அகற்ற வேண்டுமானால் அதை எடுத்தவரோ, படத்தில் இருப்பவரோ கோர வேண்டும். படத்தில் இருப்பவர் எழுத்துமூலம் ஒப்புதல் தந்தால் அவருடைய பெயரை அட்டையில் சேர்க்கவும் தயார். எடுத்தவரின் தொலைபேசி எண்ணைத் தரத் தனிநபர் தகவல் சட்டம் இடம் கொடுக்காது. ஜூன் மாதம் பார்வையாளர்களைச் சந்திக்க அவரே வருகிறார்.

நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும் கலா சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“அண்ணனையே வந்து கேக்கச் சொல்றாங்களா? வந்துட்டாருன்னா நான் எதுக்குக்கா இவுங்ககிட்ட போயி நிக்கறேன்?”

5

ஜூன் வரைக்கும் கலா எப்படி இருந்தாள் என்று எனக்குத்தான் தெரியும். படம் புதுசாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு. அண்ணன் சட்டையை வைத்து யோசிப்பாள். இந்தச் சட்டையை நான் பார்த்ததே இல்லை, நான் வந்த பிறகு வாங்கியிருப்பார் என்பாள். காதோர நரையைப் பெரிதாக்கிப் பார்த்து, “அப்ப இவ்ளோ நர இல்லக்கா” என்பாள். நானும் ஆமாம் என்பேன். அவரை நான் பார்த்ததே கிடையாது.

படம் எடுத்தவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். காதில் மெஷின், கையில் தடி. திமிர் பிடித்த ஆளாக இருப்பார், நன்றாகச் சண்டை போடலாம் என்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கலா தன் போனில் அண்ணன் கல்யாண போட்டோவைக் காட்டியதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சண்டை போட முடியவில்லை.

லேப்டாப்பைத் திறந்து அன்றைக்கு எடுத்த படங்களையெல்லாம் காட்டினார். கம்பெனிப் பக்கத்து டீக்கடை, அதே டிரம், ஏழுமலை எழுந்து நிற்பது, கிளாஸைத் திருப்பிக் கொடுப்பது. ஒவ்வொன்றின் கீழும் தேதி இருந்தது. ஏழுமலை காணாமல் போன அதே வருடம்தான். பிப்ரவரி. போவதற்கு ஆறு மாதம் முன்னால்.

கலா தேதிப் பக்கமே கண்ணைக் கொண்டுபோகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்லியிருந்தால் அவள் எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று தேடிக்கொண்டே இருந்திருப்பாள்.

“முன்னாடி எடுத்ததுதான் கலா.”

தலையை ஆட்டினாள். “அன்னிக்கி எங்கண்ணன் என்னா பேசுனாருன்னு கேளுக்கா” என்றாள்.

கேட்டேன். மொழி தெரியாததால் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை என்றார். டீக்கு மட்டும் தன்னைக் காசு கொடுக்க விடவில்லை, கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார் என்றார். கலா அப்போதுதான் அழுதாள். “எங்கண்ணன்தான்” என்றாள்.

பெரியவரின் கண்களும் கலங்கிவிட்டன. உங்கள் அம்மாவுக்கு இது வேதனை என்றால் இன்றைக்கே இறக்கச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். ஒரு மாதமாக எதற்காக அலைந்தோமோ அது கையில் வந்துவிட்டது. கலா கதவு வழியாக மூன்றாவது அறையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இருக்கட்டும்னு சொல்லுக்கா.”

டிராமில் வரும்போது அவளே பேசினாள். “ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து பாக்கலாம்ல. எறக்கிட்டா நான் எங்கக்கா போயி பாப்பேன்?” வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கூப்பிட்டு, இறக்கியாச்சு என்று பொய் சொன்னாள். அம்மா பேச ஆரம்பித்தார்.

அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமை மாறிவிட்டது. பிரபுவுக்கும் மாதாவுக்கும் இப்போது வைத்தியம் பார்க்க ஆளில்லை. கலா நேராக மூன்றாவது அறைக்குப் போய்விடுவாள். முதல் நாள் கையை விலக்கிய அதே காவலாளி இப்போது அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார். உட்கார்ந்து மெதுவான குரலில் அந்த வாரக் கதையைச் சொல்வாள். அம்மாவுக்கு முட்டி வலி, வசந்தி அண்ணி முந்திரிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டது, எல்லாம். நான் அடுத்த அறையில் நின்று எதையோ பார்ப்பதுபோல் நிற்பேன். ஒரு மனுஷிக்கு இதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று எனக்கு என் மேலேயே கோபமாக வரும்.

6

ஜூலையில் நான் ஊருக்குப் போனேன். கலாவின் விசா ஏதோ மாற்றத்தில் இருந்ததால் அவளால் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. அவள் பெட்டியிலிருந்து அரைப் பங்கு என் பெட்டிக்குள் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தாலும் செம்மங்குப்பம் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். கலாவின் அம்மா நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். உட்காரச் சொல்லி, சுவரோரம் சேர் போட்டார். கூடத்துச் சுவரில் முருகன் காலண்டர் மட்டும் இருந்தது. வசந்தி காபி கொண்டுவந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. முந்திரிக்கொட்டைத் தோலின் பால் பட்டுக் கைவிரல்கள் கறுத்திருந்தன.

“அன்னிக்கி கதவ ஒடச்சிருப்பாங்கக்கா” என்றாள் என்னிடம் தனியாக. “அத்ததான் குறுக்க படுத்துகிச்சு.”

மாதம் ஒருமுறை இரண்டு பேரும் கடலூரில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்களாம். அந்த முறை நானும் போனேன். எழுத்தர் தலை நிமிர்ந்து பார்த்து, “ஏதாச்சும் தகவல் தெரிஞ்சுச்சாம்மா?” என்று எங்களைக் கேட்டார். இல்லை என்றோம். தெரிஞ்சா சொல்லுங்க என்றார். வெளியே வந்து பஸ் ஏறினோம். வெளிநாட்டிலிருந்து வந்தவள் கூட வந்தால் ஏதாவது நடக்கும் என்று அந்த இரண்டு பேரும் நல்ல புடவை கட்டி வந்திருந்தார்கள்.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்துக்குத் தேர் பார்க்கப் போகலாம் என்று கலாவின் அம்மாவே கூப்பிட்டார். ஏழுமலை போன முதல் வருடம், தேர்க் கூட்டத்தில் அன்னதான வரிசையில் அவரைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு தேருக்கும் வருகிறார். கீழவீதி முனையில் நின்றோம். தேர் அசைந்து வந்தது. எல்லாரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்கள். அவர் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடம் பிடிக்கிற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமிய எப்ப வேணா பாக்கலாம்மா” என்றார்.

தேர் போன பிறகு ஒரு கடையோர நிழலில் உட்கார்ந்தோம். வசந்தி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

“எறக்கியாச்சின்னு கலா சொன்னா” என்றார் அம்மா, தெருவைப் பார்த்தபடி.

நானும் தெருவைப் பார்த்தேன்.

“உன் மூஞ்சே சொல்லுது. வுடு.” காலை நீட்டி முட்டியைத் தடவிக்கொண்டே, “ஞாயித்துக்கெழமை போயி பாக்குறாளா?”

“பாக்குறா.”

“பேசுறாளா அவங்கிட்ட?”

“பேசுறா.”

“காட்டு” என்றார். அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சங்கர் நீட்டிய போனைத் தட்டிவிட்டிருக்கிறார். நான் போனை எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையை இழுத்துத் தலையோடு போனையும் சேர்த்து மூடிக்கொண்டார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு கட்டைவிரலால் மேலே இருந்த விளக்கையும் இன்னொரு விரலால் கீழே இருந்த பூவையும் மறைத்துக்கொண்டு, நடுவில் மிச்சமிருந்த மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

7

செப்டம்பரோடு கண்காட்சி முடிந்தது. திங்கட்கிழமை கழற்றுவதைப் பார்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. யாழினிதான் போனில் பேசி வாங்கிக் கொடுத்தாள். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். முதலில் விளக்கை அணைத்தார்கள். படத்தை இறக்கி, மெத்தென்ற துணியைச் சுற்றி, மரப்பெட்டிக்குள் நிற்க வைத்து ஆணி அடித்தார்கள். கலா கடைசி ஆணி வரைக்கும் நின்றாள். பிறகு அவளே, தன் உடைந்த ஜெர்மனில், இது அடுத்து எங்கே போகிறது என்று அவர்களைக் கேட்டாள்.

வெளியே மழைத் தூறல். டிராம் நிறுத்தத்தில் நின்றே அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“எறக்கிட்டாங்கம்மா” என்றாள். பொய் சொன்னதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. “பெட்டில வச்சி மூடி...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வேற ஊருக்குக் கொண்டு போறாங்கம்மா. அங்க வைக்கப் போறாங்களாம்.”

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

“எந்த ஊரு?”

“ரோஸ்டாக்னு ஒரு ஊரு.”

“இன்னோரு வாட்டி சொல்லு.”

சொன்னாள். அம்மா தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சரியாகவே சொன்னார்.

“எத்தினி நாளைக்கி அங்க இருப்பான்?”

“தை மாசம் வரைக்கும்மா.”

“அதுக்கப்பறம்?”

“தெரியலம்மா.”

“கேட்டு வையி” என்றார். “மூணு வருஷமா தெருவுல ஒவ்வொருத்தியும் கேக்குறா, புள்ள எங்கன்னு. வாயத் தொறக்க முடியல என்னால. இனிமே எவ கேட்டாலும் ஊர் பேரு சொல்லுவேன்.”